பிட்யூட்டரி கட்டி: கண்ணாடி மாற்றுவதற்கு முன்

மூக்கின் வேருக்குப் பின்னால், மூளைக்கு அடியில் ஓர் எலும்புக்குழி. அதில் பட்டாணியளவு இருப்பதுதான் பிட்யூட்டரி சுரப்பி. அங்கே வரும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. கோயிலுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், ஆனால் அரசாங்கக் கிளினிக்கில் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

10 மில்லிமீட்டருக்குக் குறைந்த கட்டி பெரும்பாலும் ஹார்மோனைக் கூட்டித்தான் தொல்லை தரும். பெரியது மேலே எழும்பி, கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்தை அழுத்தும். அப்போது இரு கண்ணிலும் காதுப்பக்கப் பார்வை மங்கும். பேப்பர் படிக்கலாம், மோட்டாரில் போகையில் பக்கத்தில் வரும் செம்பனை லாரி தெரியாது. கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையை மட்டும் படித்தால் இது பிடிபடாது. வீட்டில் ஒருவரை ஒரு மீட்டர் தள்ளி எதிரே உட்காரச் சொல்லுங்கள். ஒரு கண்ணைப் பொத்தி அவர் மூக்கையே பாருங்கள். அவர் விரலை ஆட்டியபடி ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவரட்டும். காதுப்பக்கம் தாமதமாகத் தெரிந்தால் உடனே கிளம்புங்கள். சரியாகத் தெரிந்தாலும் கட்டி இல்லை என்று ஆகிவிடாது.

ஹார்மோன் சுரக்கும் கட்டிகளில் அதிகம் வருவது புரோலாக்டின், அதாவது பால் சுரக்கவைக்கும் ஹார்மோன், வகை. பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும், பிள்ளை பெறாமலே பால் கசியும். ஆண்களுக்கு ஆசை குறையும். அவர்கள் வெட்கப்பட்டு 'வீரிய' கோப்பிப் பொட்டலம் தேடுவார்கள், டாக்டரிடம் சொல்ல மாட்டார்கள். கர்ப்பம், தைராய்டு குறைவு, மெட்டோகுளோபிரமைடு போன்ற வாந்தி மாத்திரை, சில மனநோய் மருந்துகள் எல்லாமே புரோலாக்டினை ஏற்றும். அதனால் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் பையோடு கொண்டுபோங்கள். இந்த வகைக்குப் பெரும்பாலும் ஆப்பரேஷன் தேவைப்படாது. கேபர்கோலின் மாத்திரையே கட்டியைச் சுருக்கும். வழக்கமாக 0.25 மில்லிகிராமில், வாரம் இருமுறை தொடங்குவார்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், தலை சுற்றும். இரவுச் சாப்பாட்டோடு போடுங்கள். மாத்திரை தொடங்கியபின் நாலு நம்பர் லாட்டரி எடுக்கும் வெறி திடீரென்று ஏறினால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அரிதானாலும் தெரிந்த பக்கவிளைவு அது.

மோதிரம் இறுகுகிறதா, செருப்பு அளவு ஏறுகிறதா? பழைய ஐசி (அடையாள அட்டை) படத்தோடு முகத்தை ஒப்பிடுங்கள். வளர்ச்சி ஹார்மோன் கூடினால் மூக்கும் தாடையும் பெருக்கும். ஐஜிஎஃப்-1 ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

முகம் உருண்டு, வயிற்றில் ஊதாக் கோடுகள் விழுந்து, குந்தினால் எழ முடியாவிட்டால் கார்டிசால் என்ற ஹார்மோன் கூடியிருக்கலாம். ஆனால் முதலில் முட்டிவலிக்கு வாங்கும் ஜாமு (நாட்டு மூலிகை) மாத்திரையைச் சந்தேகியுங்கள். சிலவற்றில் கார்டிசால் போலவே வேலை செய்யும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அதையும் சட்டென்று நிறுத்தாதீர்கள். சொந்தச் சுரப்பி தூங்கிப்போயிருந்தால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும்.

திடீர் மண்டைவலி, வாந்தி, பார்வை இழப்பு, இமை தொங்கல் எல்லாம் சேர்ந்து வந்தால் கட்டிக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். 999-ஐ அழையுங்கள்.

ஆப்பரேஷன் பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான். முடிந்தபின் மூக்கைச் சிந்தாதீர்கள். மூக்கிலிருந்து தண்ணீர்போலச் சொட்டினாலும், ஓயாத தாகத்தோடு சிறுநீர் ஒரு நாளில் 3 லிட்டரைத் தாண்டினாலும் உடனே தெரிவியுங்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் (கார்டிசாலுக்குப் பதிலாகத் தரும் மாத்திரை) எழுதிக் கொடுத்திருந்தால், காய்ச்சல் நாளில் எத்தனை மடங்கு போடுவது என்று வீட்டுக்கு வரும் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். வாந்தியில் மாத்திரை வெளியே வந்துவிட்டால் அதே மருந்தின் ஊசிதான் வழி, காலைவரை காத்திருக்காதீர்கள்.