தெற்காசிய விளையாட்டுப் போட்டி எந்த ஊரில், எப்போது? குழம்பாமல் நினைவில் வைக்க ஒரு வழி

வருஷத்தை வரிசையாக மனப்பாடம் செய்யாதீர்கள், இடைவெளி சீராக இல்லாததால் கண்டிப்பாகக் குழம்பும், ஊரைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் காத்மாண்டு: 1984-ல் தொடங்கியதே அங்கேதான், அப்புறம் 1999, 2019 (கடைசித் தடவை பொக்காரா, ஜனக்பூரும் சேர்ந்துகொண்டன). டாக்காவும் மூன்று முறை: 1985, 1993, 2010. இஸ்லாமாபாத் 1989, 2004. கொழும்பு 1991, 2006.

சரி, இந்தியாதான் தொல்லை, ஒவ்வொரு தடவையும் ஊரை மாற்றும்: 1987-ல் கல்கத்தா, 1995-ல் நம்ம சென்னை (அப்போது மெட்ராஸ்), 2016-ல் குவாஹாட்டியும் ஷில்லாங்கும்.

பழைய பேப்பரில் 'சாஃப் கேம்ஸ்' என்று இருந்தால் இதேதான், 2004-ல்தான் பெயர் மாறியது. இந்த வருஷங்களுக்கு பூட்டான், மாலத்தீவு என்று பரீட்சைக் கேள்வியின் விடைகளில் இருந்தால் யோசிக்காமல் தப்பு என்று அடித்துவிடுங்கள்.