டேப்லெட் வாங்கும் முன் பக்கத்து வீட்டைக் கேளுங்கள்: ரங்கூனிலிருந்து ஒரு செய்முறை விளக்கம்

எங்கள் தெருவில் டேப்லெட் வாங்கியவர்களை எண்ணினால் பதினொரு பேர் தேறுவார்கள். அந்தப் பதினொன்றில் நான்கு, பீரோவுக்குள் பட்டுப்புடவைக்கு அடியில் உறங்கின. ஒன்றுகூட உடைந்ததில்லை, தொலைந்ததில்லை. வாங்கும்போது கேட்க வேண்டியதைக் கேட்காமல் வாங்கினார்கள், அவ்வளவுதான். நான்கில் ஒன்று என்னுடையது என்பதால், இதை எழுதும் தகுதி எனக்குக் கொஞ்சம் இருப்பதாக நினைக்கிறேன்.

சென்ற மாதம் அத்தைக்கு ஒரு டேப்லெட் வாங்கித் தர வேண்டியிருந்தது. மதுரையில் இருக்கும் மகளிடம் முகம் பார்த்துப் பேச வேண்டும், கந்த சஷ்டி கவசம் கேட்க வேண்டும், கண்ணை இடுக்காமல் படிக்க வேண்டும். இந்த முறை கடைக்குப் போவதற்கு முன் இரண்டு வாரம் கேட்டுத் திரிந்தேன். அந்த அலைச்சலைத்தான் இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

படி 1: வாங்கி ஒரு வருடம் ஆனவரைத் தேடுங்கள்

வாங்கிய வாரத்தில் யாரைக் கேட்டாலும் "அருமையாக இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். காசு கொடுத்த கை தன்னைத் தானே தட்டிக்கொடுக்கும். ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் கண்ட கருவியின் சொந்தக்காரர்தான் நமக்கு வேண்டியவர்.

"எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். "கொஞ்சம் காட்டுங்களேன்" என்று கேளுங்கள். கைக்கெட்டும் இடத்திலிருந்து எடுத்துக் காட்டினால் அது உழைக்கும் டேப்லெட். "இருங்கள், தேடிப் பார்க்கிறேன்" என்று உள்ளே போனால், அவர் திரும்பி வருவதற்குள் உங்களுக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது. அடுத்த கேள்வி, நேற்று இதில் என்ன செய்தீர்கள் என்பது. "எல்லாவற்றுக்கும் பயன்படும்" என்ற பதிலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மூன்றாவது கேள்வி, வாங்கிய புதிதில் சார்ஜ் எத்தனை மணி நேரம் நின்றது, இப்போது எத்தனை மணி நேரம் நிற்கிறது?

எனக்குக் கிடைத்த பதில்கள் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. ஆனோயதா சாலைக் காளியம்மன் கோயில் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் அண்ணன், சாம்சங் டேப் ஏ9 வைத்திருக்கிறார். 8.7 அங்குலத் திரை, எடை 332 கிராம். "தம்பி, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும், ஒரு கையில் பிடித்துக் கணக்குப் போடலாம், இதற்குமேல் பெரிதாக வாங்குகிறவன் பைத்தியக்காரன்" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் சித்தி மகள் டேப் ஏ9 பிளஸ் வைத்திருக்கிறாள். 11 அங்குலம், 480 கிராம். நான்கு பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து ஒரே பாடத்தைப் பார்க்க வேண்டும் என்பதால், சின்னத் திரையை அவள் பொம்மை என்கிறாள். பெரியப்பாவிடம் இருப்பது 2021இல் வந்த ஒன்பதாம் தலைமுறை ஐபேட். அதை அவர் விடமாட்டேன் என்பதற்கு ஒரே காரணம், இயர்போன் செருகும் துளை. அடுத்த ஆண்டு வந்த பத்தாம் தலைமுறையில் அந்தத் துளையை எடுத்துவிட்டார்கள். இரவில் பெரியம்மா தூங்கிய பிறகு சொற்பொழிவு கேட்பவருக்கு அது பெரிய விஷயம்.

மூவர் சொன்னதும் சரிதான். உங்கள் வீட்டு வாழ்க்கைக்கு யாருடைய வாழ்க்கை நெருக்கமோ, அவர் பேச்சைக் கேளுங்கள்.

படி 2: எடையைக் கையில் பிடித்துப் பாருங்கள்

அங்குலம் என்பது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு உள்ள அளவு. அந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அத்தையை டீக்கடை அண்ணனின் கருவியையும் சித்தி மகளின் கருவியையும் பத்துப் பத்து நிமிடம் பிடிக்கச் சொன்னேன். பெரியதைப் பிடித்து நான்காம் நிமிடமே மடியில் இறக்கிவிட்டார். ஆனால் "எழுத்து இதில்தான் தெரிகிறது" என்றார். அதனால் பெரியதையே வாங்கி, கூடவே ஒரு தாங்கியும் வாங்கினோம். முதியவர்களுக்கு வாங்குகிறவர்கள் தாங்கி உள்ள உறைக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிவிடுங்கள்.

படி 3: சிம் போடும் வகையா, வைஃபை மட்டுமா?

நம் ஊரில் ஒரு காலத்தில் சிம் கார்டு வாங்க லட்சக்கணக்கில் கியாட் எண்ணி வைக்க வேண்டியிருந்தது. 2014இல் வெளிநாட்டு நிறுவனங்கள் வந்து 1,500 கியாட்டுக்குக் கொடுத்த பிறகுதான் ஆளுக்கொரு போன் வந்தது. அந்தப் பழைய பயம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. சிம் போடும் டேப்லெட்தான் உயர்ந்தது என்று நினைக்கிறார்கள். வீட்டில் எப்போதும் ஒரு போன் இருக்கும் என்றால், அதன் இணையத்தை டேப்லெட்டுக்குப் பகிரும் ஹாட்ஸ்பாட்டே போதும், வைஃபை வகை மலிவு. பகலில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு மட்டும் சிம் வகை நல்லது. ஹாட்ஸ்பாட்டை இயக்கித் தர வேண்டிய பிள்ளை வேலைக்குப் போயிருப்பான்.

படி 4: "8 ஜிபி" என்றால் எந்த 8 என்று கேளுங்கள்

நான் ஏமாந்த இடம் இதுதான். எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. பெட்டியில் பெரிய எழுத்தில் 8 ஜிபி ராம் என்று இருந்தது. ராம் என்பது கருவி வேலை செய்யும்போது மட்டும் பயன்படுத்தும் வேகமான நினைவகம்; படமும் பாட்டும் தங்கும் சேமிப்பிடம் வேறு. வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால், அடியில் எறும்பு எழுத்தில் 4+4. பின்னால் வரும் நான்கு, சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கி ராம் போலக் காட்டுவது. சேமிப்பிடம் ராமைவிடப் பலமடங்கு மெதுவானது. இடம் இல்லாத வீட்டில் விருந்தாளியை மொட்டைமாடியில் படுக்க வைப்பது மாதிரி. படுக்கலாம், ஆனால் வீட்டுக்குள் படுத்ததாக ஆகாது.

கூட்டல் குறிக்கு முன்னால் உள்ள எண்ணை மட்டும் நம்புங்கள். பேசுவது, பார்ப்பது, படிப்பதற்கு 4 ஜிபி போதும். சேமிப்பிடமும் அப்படித்தான். பெட்டியில் எழுதியிருக்கும் அளவில் ஒரு நல்ல பங்கை இயக்க அமைப்பே எடுத்துக்கொள்ளும். சாம்சங் ஏ9 வகைகளில் மெமரி கார்டு போடலாம். ஐபேட் எதிலும் அந்த வசதி கிடையாது, ஆகவே ஐபேட் வாங்கினால் முதலிலேயே தாராளமான சேமிப்பிடத்தோடு வாங்கிவிடுங்கள்.

பேர் தெரியாத கம்பெனியின் டேப்லெட்டில் மலை போன்ற எண்களை அச்சடித்து, பாதி விலைக்குக் கொடுப்பார்கள். அமைப்புகள் பக்கத்திலும் அதே எண்தான் தெரியும். அங்கேயும் பொய்யைப் பொருத்திவிடுகிறார்கள்.

படி 5: கடையில் பத்து நிமிடம்

கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் நகராதீர்கள். ஒரு டீ சொல்லச் சொல்லுங்கள்.

முதலில் ஒரு சின்னத்தை விரலால் அழுத்திப் பிடித்து, திரை முழுக்க மெதுவாக இழுங்கள். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், நான்கு மூலைகள். எங்காவது ஒரு இடத்தில் அது விரலைவிட்டு நழுவி விழுந்தால், அங்கே திரைக்கு உணர்ச்சி செத்துவிட்டது. பிறகு வெள்ளைப் படம் ஒன்றும் கறுப்புப் படம் ஒன்றும் திறந்து, நிறம் மாறி நிற்கும் பழுதான புள்ளிகளைத் தேடுங்கள்.

அடுத்து தமிழ். "கொக்கு", "ஸ்ரீ", "கௌரி" என்று தட்டச்சு செய்யுங்கள். புதிய கருவிகளில் பழுதில்லாமல் வரும். ரொம்பப் பழைய கருவியில் கொம்பும் காலும் தனித்தனியாகக் கழன்று நிற்கும். அப்படி நின்றால் திரும்பக் கொடுத்துவிடுங்கள். பர்மிய எழுத்தையும் சோதியுங்கள். இந்த நாடு 2019 அக்டோபர் 1 முதல் ஜோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவை விட்டு, உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடுக்கு மாறிவிட்டது. அதற்கு முந்தைய கருவியில் பழைய எழுத்துரு இருந்தால், பேரப்பிள்ளை அனுப்பும் பர்மியச் செய்தி கோலப்பொடி சிந்தியது போலத் தெரியும். தமிழுக்கு யுனிகோடில் தனி இடம் என்பதால் அது இந்தக் குழப்பத்தில் மாட்டவில்லை.

பிறகு அமைப்புகளுக்குள் போய், பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்தத் தேதியில் நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி என்றால், தயாரித்தவர்களே அதை மறந்துவிட்டார்கள் என்று பொருள்.

பழைய டேப்லெட் வாங்குகிறீர்களா? அப்படியானால் ஒரே ஒரு விதி. விற்பவர் உங்கள் கண்முன்னே தன் கணக்கிலிருந்து வெளியேறி, எல்லாவற்றையும் அழித்து, புதிதுபோலத் திறந்து காட்ட வேண்டும். திறந்ததும் பழைய உரிமையாளரின் கூகுள் கணக்கையோ ஆப்பிள் கணக்கையோ கேட்டால், பணத்தைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். "நாளைக்கு வாருங்கள், திறந்து தருகிறேன்" என்பார். நாளைக்கும் அதையேதான் சொல்வார்.

படி 6: முதல் மாலையில் செய்ய வேண்டியவை

விசைப்பலகை அமைப்பில் தமிழைச் சேருங்கள். தமிழ்99 என்ற அமைப்பும் இருக்கும், ஆங்கில ஒலிப்படி தட்டினால் தமிழாக மாறும் அமைப்பும் இருக்கும். ஆங்கிலம் தெரியாத பெரியவர்களுக்குத் தமிழ்99 எளிது. உயிர் ஒரு பக்கம், மெய் ஒரு பக்கம். அத்தை மூன்று நாளில் பிடித்துக்கொண்டார். நான்காம் நாள் எனக்கு வந்த முதல் செய்தி: "உப்பு வாங்கி வா."

எழுத்தின் அளவை ஒரு படி பெரிதாக்குங்கள். மகளின் படத்தைத் தொட்டாலே அழைப்பு போகும்படி முகப்பில் வையுங்கள். மற்றச் சின்னங்களை எல்லாம் இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

அடுத்தது மிக முக்கியம். இணையம் இல்லாமலே பார்க்கவும் படிக்கவும் வேண்டியதை இப்போதே இறக்கிவையுங்கள். எங்கள் பகுதியில் மின்சாரம் நீண்ட நேரம் போனால் சிறிது நேரத்தில் போன் சிக்னலும் தள்ளாட ஆரம்பித்துவிடும். டேப்லெட் வேண்டியிருப்பதே அந்த இருட்டு மாலையில்தான். பாட்டுகளைக் கோப்பாகச் சேமியுங்கள். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தளத்தில் திருக்குறள் முதல் பாரதியார் பாடல்கள் வரை இலவசமாகக் கிடைக்கின்றன. பிள்ளைகளுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைக் கல்விப் பாடங்கள் உண்டு. தமிழ்ப் புத்தகம் வேண்டுமென்றால் ஊருக்குப் போய்வருகிறவர் பெட்டியில் இடம் கேட்டுக் கெஞ்சிய நமக்கு, ஒரு கருவிக்குள் ஒரு நூலகம் உட்காருவது சின்ன விஷயமில்லை.

படி 7: போய்ப்போய் வரும் மின்சாரத்தோடு குடித்தனம்

நான் கேட்டவர்களில் பெரும்பாலானோர் குறை சொன்னது இதைப் பற்றித்தான். எட்டு பேரின் சார்ஜர் ஒருமுறையாவது செத்திருக்கிறது. எல்லாம் மின்சாரம் திரும்பி வந்த அந்த நொடியில் நடந்தவை. போன மின்சாரம் வரும்போது ஒரு துள்ளலோடு வரும். ஆகவே விளக்கு அணைந்ததும் முதல் வேலையாகச் சார்ஜரைப் பிடுங்குங்கள். வந்த பிறகு ஐந்து நிமிடம் பொறுத்துச் செருகுங்கள். வீட்டில் ஸ்டெபிலைசர் இருந்தால் அதன் வழியாகவே கொடுங்கள். நம் வீடுகளில் உருண்டைக் காலுக்கு ஒரு பிளக், சதுரக் காலுக்கு ஒரு பிளக் என்று கலந்து கிடக்கும். ஆடும் அடாப்டரில் செருகிப் பொறி பறந்தால் சார்ஜரைக் குறை சொல்லிப் பயனில்லை.

பவர் பேங்க் வாங்கும்போது ஒரு கணக்கு. பேட்டரியின் கொள்ளளவை எம்ஏஎச் என்று எழுதுவார்கள். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க், 7,040 எம்ஏஎச் பேட்டரி உள்ள ஏ9 பிளஸை ஒன்றரை முறை நிரப்பும் என்று தோன்றும். ஒரு முறை நிரப்பினால் பெரிது. மின்னழுத்தத்தை மாற்றுவதிலும் சூட்டிலும் ஒரு பங்கு போய்விடுகிறது. இரண்டு இருட்டு மாலைகளைக் கடத்த வேண்டுமானால் 20,000 வாங்குங்கள்.

லித்தியம் பேட்டரிக்குச் சூடுதான் எமன். தலையணை மேல் வைத்துச் சார்ஜ் ஏற்றுவது, ஏப்ரல் வெயிலில் சன்னலோரம் விடுவது இரண்டும் கூடாது. தினமும் நூறு வரை ஏற்றி வெறுமையாகும் வரை ஓட்டுவதைவிட, இருபதுக்கும் எண்பதுக்கும் இடையில் வைத்திருந்தால் நீண்ட காலம் உழைக்கும். ஆனால் மின்வெட்டு உள்ள ஊரில் எண்பதோடு நிறுத்தச் சொன்னால் அத்தை என்னை அடிப்பார். நூறு வரை ஏற்றுகிறோம், சூட்டை மட்டும் தவிர்க்கிறோம்.

படி 8: தண்ணீர்

ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடும் பர்மியப் புத்தாண்டான திஞ்சான் நாட்களில் டேப்லெட் பீரோவுக்குள்தான் இருக்க வேண்டும். பட்டுப்புடவைக்கு அடியில் இருக்க அதற்கு உரிமை உள்ள வாரம் அது ஒன்றுதான். சித்தி மகளின் முதல் டேப்லெட் வாசல்படியில் வாளித் தண்ணீர் வாங்கியது. அவசரத்தில் சார்ஜரைச் செருகிப் பார்த்தாள், அதோடு கதை முடிந்தது. நனைந்துவிட்டால் உடனே அணைத்து, உறையைக் கழற்றி, துளை கீழே பார்க்கும்படி சாய்த்து மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் விடுங்கள். அரிசிப் பானையில் புதைக்க வேண்டாம், தூசியும் தவிடும்தான் துளைக்குள் போகும்.

என்னுடைய 4+4 கருவியை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். டீக்கடை அண்ணனுக்குக் கொடுத்துவிட்டேன். சுவரில் மாட்டி, டீ, பலகாரம், பராட்டா விலைகளைத் தமிழிலும் பர்மியத்திலும் ஓடவிட்டிருக்கிறார். வயரைப் பிடுங்கினால் பத்து நிமிடம் தாங்குகிறது.