வார எண்ணும் வார ஆண்டும்: எஸ்க்யூஎல் வினவலில் வாரக் கணக்கைப் பிழையின்றி எடுக்கும் முறை

2024-ஆம் ஆண்டின் விற்பனையை வாரவாரியாகத் தொகுக்க, தேதியிலிருந்து ஆண்டைத் தனியாகவும் வார எண்ணைத் தனியாகவும் பிரித்தெடுத்து, அவ்விரண்டையும் வினவலில் பதிவுகளைத் தொகுக்கும் குரூப் பை பகுதியில் இட்டால், முதல் வாரத்தின் தொகை மட்டும் மற்ற வாரங்களைவிடப் பெருத்து நிற்கும். அந்த வாரத்தில் ஜனவரி 1 முதல் 7 வரையிலான நாள்களோடு டிசம்பர் 30, 31 ஆகிய இரு நாள்களும் புகுந்துகொண்டு, ஒன்பது நாள் கொண்ட வாரம் ஒன்று உருவாகிவிடுவதே காரணம். வினவல் எந்தப் பிழைச் செய்தியும் தராமல் ஓடி முடிந்துவிடுவதால், இதைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் அடுத்த ஆண்டு ஆகிவிடுகிறது.

தேதியையும் நேரத்தையும் குறிப்பதற்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 8601-இன்படி வாரம் திங்கட்கிழமை தொடங்குகிறது. ஆண்டின் முதல் வியாழக்கிழமை எந்த வாரத்தில் வருகிறதோ அதுவே முதல் வாரம். ஜனவரி 4 எப்போதும் முதல் வாரத்திலும், டிசம்பர் 28 எப்போதும் கடைசி வாரத்திலும் அடங்கும். ஆகவே ஒரு வாரம் எந்த ஆண்டுக்கு உரியது என்பதை அந்த வாரத்தின் வியாழக்கிழமையே முடிவு செய்கிறது. 2024 டிசம்பர் 30 திங்கட்கிழமை. அந்த வாரத்தின் வியாழன் 2025 ஜனவரி 2 என்பதால், அந்த நாள் 2025-இன் முதல் வாரத்தைச் சேர்ந்தது. மறுதிசையிலும் இது நிகழும்: 2021 ஜனவரி 1 வெள்ளிக்கிழமை, 2020-இன் 53-ஆம் வாரத்துக்குரியது. எனவே வார எண்ணுக்குத் துணையாக வரவேண்டியது நாள்காட்டி ஆண்டு அன்று, அந்த வாரம் எந்த ஆண்டுக்கு உரியதோ அந்த வார ஆண்டு.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருளில் இதற்கு வேண்டிய அனைத்தும் உள்ளன. (கட்டளைச் சொற்களை ஒலிப்பின்படி தமிழில் தருகிறேன், திரையில் வழக்கமான ஆங்கில எழுத்துகளிலேயே தட்ட வேண்டும்.) எக்ஸ்ட்ராக்ட் செயல்பாட்டில் வீக் என்று கேட்டால் ஐஎஸ்ஓ வார எண் வரும், அதனோடு இயர் என்று கேட்காமல் ஐஎஸ்ஓஇயர் என்று கேட்க வேண்டும். டூ_சார் செயல்பாட்டில் வார எண்ணுக்கு ஐடபிள்யூ என்ற குறியும், வார ஆண்டுக்கு ஐ-யில் தொடங்கி மூன்று ஒய் கொண்ட குறியும் உண்டு. நான்கு ஒய் கொண்ட சாதாரண ஆண்டுக் குறியை ஐடபிள்யூ-வோடு கலந்தால், டூ_டேட் அதைப் பிழை என்று மறுத்துவிடும். டூ_சார் மட்டும் மறுக்காமல் தவறான விடையைத் தந்துவிடும். நான் பார்த்த வாரக் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த ஓர் எழுத்தில்தான் தொடங்கின.

ஆயினும், தொகுப்பதற்கு வார எண்ணையே பயன்படுத்தாமல், வாரத்தின் திங்கட்கிழமைத் தேதியைப் பயன்படுத்துவதே சிறந்தது என்பது என் கருத்து. டேட்_டிரங்க்('வீக்', விற்பனை_நாள்) என்பது எந்த நாளையும் அதன் திங்கட்கிழமைக்கு இழுத்துச் சென்றுவிடும். அது ஒற்றை மதிப்பு, சரியாக வரிசைப்படும், ஆண்டு எல்லை என்ற சிக்கலே அதற்கு இல்லை. வார எண் வேண்டுமெனில், வெளியீட்டுக்கான கடைசிக் கட்டத்தில் அந்தத் திங்களிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஞாயிறு தொடங்கும் வாரம் கேட்கும் அலுவலகங்களுக்கு, தேதியோடு ஒரு நாளைக் கூட்டி, டேட்_டிரங்க் செய்து, பின்னர் ஒரு நாளைக் கழித்தால் போதும்.

நேரத்தையும் சேர்த்துச் சேமிக்கும் நெடுவரிசையாக இருந்தால் நேர மண்டலத்தை முதலில் கவனிக்க வேண்டும். யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் கணக்கிட்டால், இந்திய நேரப்படி திங்கள் அதிகாலை 5.30 மணிக்கு முன் நடந்தவை யாவும் ஞாயிற்றுக்கிழமையாகி, முந்தைய வாரத்தில் விழும். அட் டைம் சோன் கொண்டு ஏஷியா/கொல்கத்தா நேரத்துக்கு மாற்றிய பிறகே டேட்_டிரங்க் செய்யவேண்டும்.

ஒரு குறிப்பிட்ட வாரத்தின் பதிவுகளை மட்டும் எடுக்கும்போது, பதிவுகளை வடிகட்டும் வேர் பகுதியில் நெடுவரிசையின் மீது எக்ஸ்ட்ராக்ட் செய்தால், தேடலை விரைவாக்க அந்த நெடுவரிசைக்கு அமைத்த சாதாரண இன்டெக்ஸ் பயன்படாமல் போகும். மாறாக, வாரத்தின் திங்கட்கிழமையைக் கண்டறிந்து, அதற்குச் சமமாகவோ பிந்தியோ இருந்து, அடுத்த திங்களுக்கு முந்தியும் உள்ளவை என்று எல்லை வகுக்க வேண்டும். இரு எல்லைகளையும் உள்ளடக்கும் பிட்வீன் இங்கே ஏற்றதன்று. அது அடுத்த திங்கள் நள்ளிரவையும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அந்தத் திங்களைக் கண்டறிய, அவ்வாண்டின் ஜனவரி 4-ஐ எடுத்து, அதன் வாரத் திங்களுக்குப் பின்சென்று, வார எண்ணில் ஒன்று குறைத்து ஏழால் பெருக்கிய நாள்களைக் கூட்ட வேண்டும். 2026-இன் 53-ஆம் வாரத்தைப் பார்ப்போம்: 2026 ஜனவரி 4 ஞாயிறு, அதன் திங்கள் 2025 டிசம்பர் 29; அதனோடு 364 நாள்களைக் கூட்டினால் 2026 டிசம்பர் 28. பயனர் தட்டிய வார எண் உண்மையிலேயே உள்ளதா என்று அறிய, கிடைத்த தேதியிலிருந்து வார ஆண்டையும் எண்ணையும் திரும்ப எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் ஆண்டுக்கு 52 வாரமா 53 வாரமா என்பதற்கு டிசம்பர் 28-இன் வார எண்ணைக் கேட்டாலே விடை கிடைத்துவிடும்.

மற்றொரு தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லில் வீக் செயல்பாட்டை வெறுமனே அழைத்தால், இயல்பு அமைப்பில் ஞாயிறு தொடங்கும் கணக்கே வரும். 2025 ஜனவரி 1-க்கு அது பூஜ்ஜியம் என்று சொல்லும். இயர்வீக் செயல்பாட்டுக்கு இரண்டாவது மதிப்பாக 3 என்று தந்தால், அதே நாளுக்கு 202501 என்ற ஐஎஸ்ஓ விடை கிடைக்கும். மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வரில் டேட்பார்ட் செயல்பாட்டில் ஐஎஸ்ஓ_வீக் உண்டு, வார ஆண்டுக்கான பகுதி இல்லை; சாதாரண வீக் பகுதியோ, வாரத்தின் முதல் நாளைக் குறிக்கும் டேட்ஃபர்ஸ்ட் அமைப்புக்கேற்ப மாறும். அங்கே வியாழனைத்தான் நாட வேண்டும்: 1900 ஜனவரி 1 திங்கட்கிழமை என்பதால், அன்றிலிருந்து உங்கள் தேதி வரையிலான நாள்களை ஏழால் வகுத்த மீதியை 3-இலிருந்து கழித்து, வந்ததைத் தேதியோடு கூட்டினால் அவ்வார வியாழன் வரும், அந்த வியாழனின் ஆண்டே வார ஆண்டு.