"அப்படியே எங்கப்பா ரத்தம்": குணமும் மரபணுவும், நாம் சறுக்கும் இடங்கள்

எங்கள் வீட்டில் யாராவது குரலை உயர்த்தினால் போதும், அத்தை சமையலறையிலிருந்தே சொல்லிவிடுவார்: "அப்படியே எங்கப்பா ரத்தம்." அதைக் கேட்டே வளர்ந்த அண்ணன் நாற்பது வயதில் ஒருநாள் சொன்னார்: "என் கோபம் பரம்பரைக் கோபம்டா, மாத்த முடியாது."

அத்தை சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஒரே கருமுட்டையில் பிறந்த இரட்டையரையும் தனித்தனிக் கருமுட்டைகளில் பிறந்த இரட்டையரையும் பல நாடுகளில் ஒப்பிட்டிருக்கிறார்கள். முதல் வகையினர்தான் குணத்தில் அதிகம் ஒத்துப்போகிறார்கள். எளிதில் பதறுவது, கலகலப்பாகப் பழகுவது, பொறுப்பாக இருப்பது போன்ற சுபாவங்களில் மனிதருக்கு மனிதர் இருக்கும் வேறுபாட்டில் ஏறக்குறைய 40 சதவீதம் மரபுவழி என்பது பொதுவான கணக்கு.

முதல் சறுக்கல் இந்த 40-ஐப் படிப்பதிலேயே வருகிறது. "என் கோபத்தில் 40 சதவீதம் தாத்தாவுடையது" என்று அதற்குப் பொருள் இல்லை. ஒரு தோசையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முறுகலில் மாவின் பங்கு எவ்வளவு, கல்லின் சூடு எவ்வளவு என்று பிரிக்க முடியுமா? முடியாது. ஆனால் நூறு வீட்டு மாவை நூறு அடுப்பில் வார்த்தால், தோசைக்குத் தோசை தெரியும் வித்தியாசத்தில் எவ்வளவு மாவால் வந்தது என்று கணக்கிடலாம். நூறு வீட்டிலும் ஒரே மாவு என்றால் வித்தியாசம் முழுக்க அடுப்பால்தான். மாவு அதே மாவுதான், சதவீதம் மட்டும் மாறிவிட்டது. இந்த எண் ஒரு கூட்டத்தைப் பற்றியது, தனி மனிதரைப் பற்றியது அல்ல.

அடுத்தது, "கோப மரபணு", "கவலை மரபணு" என்ற பேச்சு. மூளையில் செரோட்டோனின் என்ற வேதிப்பொருளைக் கையாளும் ஒரு மரபணுவின் குட்டை வடிவம் உள்ளவர்கள் அதிகம் கவலைப்படுகிறார்கள் என்று 1996-இல் ஒரு ஆய்வு சொன்னது. பார்த்தது 505 பேரை. பேச்சு உலகெங்கும் பரவியது. அந்தக் கட்டுரையிலேயே அதன் பங்கு 3 முதல் 4 சதவீதம் என்றுதான் இருந்தது. பிறகு லட்சக்கணக்கானோரை வைத்துப் பார்த்தபோது அப்படிப்பட்ட தனி மரபணுக்களின் பெருமை கரைந்துபோனது. 2018-இல் சுமார் 4,49,000 பேரை ஆராய்ந்து, பதறும் சுபாவத்தோடு தொடர்புள்ள 136 இடங்களை மரபணுத் தொகுப்பில் கண்டார்கள். ஒவ்வொன்றின் பங்கும் மிகமிகச் சிறியது. அதனால் எச்சிலை அனுப்பினால் உங்கள் குணத்தைச் சொல்கிறோம் என்று யாராவது விளம்பரம் செய்தால் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

அமெரிக்காவின் ஜிம் இரட்டையர் கதையையும் பலர் சொல்வார்கள். குழந்தையிலேயே பிரிந்து, 1979-இல் 39 வயதில் சந்தித்தவர்கள். இருவரும் தனித்தனியே லிண்டா என்ற பெயருள்ள ஒரு பெண்ணை மணந்து, பிரிந்து, பெட்டி என்ற பெயருள்ள ஒரு பெண்ணை மணந்திருந்தார்கள். கேட்கவே சிலிர்க்கும். ஆனால் மனைவியின் பெயரை எந்த மரபணுவும் தேர்ந்தெடுக்காது. இப்படிப் பிரிந்து வளர்ந்த இரட்டையரை வைத்து, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் தாமஸ் பௌச்சார்டு நடத்திய ஆய்வின் பலம் இந்த ஒரு ஜோடி அல்ல, வருடக்கணக்கில் சேர்ந்த பல ஜோடிகளின் சராசரி.

சரி, வளர்ப்புக்கு மதிப்பே இல்லையா என்று கேட்பார்கள். ஒரே வீட்டில் வளர்வது பிள்ளைகளை ஒரே குணத்தவர்களாக ஆக்குவதில்லை, அவ்வளவுதான் தெரியவந்தது. அன்பும் அடியும் ஒன்றுதான் என்று யாரும் நிரூபிக்கவில்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது அண்ணன் செய்த தவறுதான்: மரபுவழி என்றால் மாறாது என்று நினைப்பது. கிட்டப்பார்வையிலும் மரபுக்குப் பெரிய பங்கு உண்டு, கண்ணாடி போட்டால் எழுத்து தெரிகிறதே! மனநல சிகிச்சைகள் பற்றிய 207 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வந்த அலசல், சில மாதங்களிலேயே பதறும் சுபாவம் குறைவதைக் காட்டியது.

அண்ணனிடம் இன்னொன்றும் சொன்னேன். தாத்தாவின் மரபணுக்களில் பேரனுக்கு வருவது சராசரியாக நான்கில் ஒரு பங்குதான். அவர் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு விரல்விட்டு எண்ணினார். தாத்தாவுக்கு ஆறு பிள்ளைகள். கோபக்காரர் பெரியப்பா ஒருவர்தான்.