கார் வாரண்டி புத்தகத்தைப் படிப்பது எப்படி? எல்லைப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு செய்முறை

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் இருப்பவர்களுக்குக் கார் வாங்கும்போதே ஒரு சந்தேகம் வந்துவிடும். ஷோரூம் கோவையில், வீடு பாலக்காடு மாவட்டத்தில், நம்பர் கேரளா நம்பர். "தமிழ்நாட்டில் வாங்கின வண்டிக்குக் கேரளாவில் வாரண்டி செல்லுமா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. செல்லும். கம்பெனி வாரண்டி என்பது நாடு முழுவதும் அந்தக் கம்பெனியின் எந்த அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலும் செல்லும். பாலக்காடு, பொள்ளாச்சி, கோவை, எது பக்கமோ அங்கே விடுங்கள்.

என் வண்டியில் ஏ.சி.யின் கூலிங் காயில் (காற்றைக் குளிராக்கும் குழாய்த் தொகுதி) கசிந்தபோது, வெளியில் மாட்டிய ஹார்னைக் காட்டி வாரண்டி கிடையாது என்றார்கள். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசிய பிறகு காயிலைக் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். அந்த வழியை இங்கே எழுதுகிறேன். வண்டி கம்பெனி எதுவானாலும் வழி ஒன்றுதான்.

படி 1: இரண்டு புத்தகங்களையும் வெளியே எடுங்கள்

டேஷ்போர்டு டிராயரில் பிளாஸ்டிக் உறையோடு இருக்கும். ஓனர்ஸ் மேனுவல் வண்டியை ஓட்டுவது, பராமரிப்பது பற்றியது. வாரண்டி அண்டு சர்வீஸ் புக்லெட்தான் கம்பெனிக்கும் உங்களுக்கும் உள்ள ஒப்பந்தம். சில கம்பெனிகள் இப்போது காகிதத்தைக் குறைத்துக்கொண்டு க்யூஆர் கோடு மட்டும் தருகின்றன. அப்படியானால் பி.டி.எஃப்.-ஐ இறக்கி, வாரண்டி பக்கங்களை மட்டும் பிரிண்ட் எடுத்து வண்டியில் வையுங்கள். போனில் தேடிப் படிக்க பி.டி.எஃப். வசதிதான். ஆனால் சர்வீஸ் கவுண்டரில் நீட்டிக் காட்டக் காகிதம்தான் நல்லது.

முதல் பக்கத்தில் சேஸிஸ் நம்பரும் விற்ற தேதியும் டீலர் முத்திரையும் இருக்க வேண்டும். 17 எழுத்துகள் கொண்ட அந்த நம்பரை ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். காலியாக விட்டிருந்தால் டீலரிடம் இன்றே நிரப்பி வாங்கிவிடுங்கள்.

படி 2: எதுவரை, எதற்கு?

"3 வருடம் அல்லது 1,00,000 கி.மீ., எது முந்துகிறதோ அதுவரை." இந்த மாதிரி ஒரு வரி இருக்கும். மாருதி சுசுகி 2024 ஜூலையில்தான் 2 வருடம், 40,000 கி.மீ. என்று இருந்ததை இந்த அளவுக்கு உயர்த்தியது. அதனால் பக்கத்து வீட்டுக்காரருடைய பழைய வண்டியின் கணக்கை வைத்து உங்கள் வண்டிக்கு முடிவு கட்டாதீர்கள். தினமும் கோவைக்கு வேலைக்குப் போய் வருபவருக்கு வருடக் கணக்கு முடியும் முன்பே கி.மீ. முடிந்துவிடலாம். தோப்புக்கும் கோயிலுக்கும் மட்டும் எடுப்பவருக்கு வருடம்தான் முதலில் முடியும்.

அடுத்து, சேராதவை என்ற பட்டியல். பிரேக் பேட், கிளட்ச் பிளேட், வைப்பர் ரப்பர், ஃபில்டர், பல்பு, ஃபியூஸ் என்று தேய்கிற சாமான்கள் எல்லாம் பொதுவாக அதில் இருக்கும். டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைத் தயாரித்த கம்பெனிதான் தனியாக வாரண்டி தரும். அதற்கான கார்டைப் பத்திரமாக வையுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய இன்ஜின் வாரண்டியில் வராது, அது இன்சூரன்ஸ் கதை. 2018 ஆகஸ்டில் பாலக்காட்டு ஊருக்குள்ளேயே தண்ணீர் புகுந்ததை நாம் பார்த்தோம். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தால் இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறி, உள்ளே இருக்கும் கனெக்டிங் ராடு என்ற தண்டு வளைந்துவிடலாம். சாதாரண பாலிசியில் இதற்குப் பணம் கிடைப்பது கஷ்டம். இன்ஜின் புரொடெக்ட் என்ற ஆட்-ஆனை (பாலிசியோடு கூடுதல் பணம் கட்டி எடுப்பது) நம் பக்கத்தில் நான் கட்டாயம் எடுக்கச் சொல்வேன்.

படி 3: இரண்டாவது சர்வீஸ் அட்டவணையைத் தேடுங்கள்

மேனுவலில் சர்வீஸ் அட்டவணை பெரும்பாலும் இரண்டு இருக்கும், அல்லது ஒரே அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். தூசி ரோடு, மலை ரோடு, குறைந்த தூரம் ஓட்டி ஓட்டி நிறுத்துவது, டிராஃபிக்கில் இன்ஜின் ஓடிக்கொண்டே நிற்பது எல்லாம் கடினமான உபயோகம். அதற்கு ஆயில், ஏர் ஃபில்டர், பிரேக் சோதனை எல்லாம் முன்கூட்டியே வரும்.

நம் வண்டிகள் பாதிக்கு மேல் இந்தக் கணக்கில்தான் வரும். பொள்ளாச்சி ரோட்டில் தேங்காய் நார் மில்களை ஒட்டி ஓடும் வண்டியின் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். நாலு கிளிப்தான், ஸ்க்ரூ டிரைவர்கூடத் தேவைப்படாத வண்டிகள் உண்டு. காகித மடிப்புகளுக்குள் பழுப்பாக நார்த்தூள் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும். தட்டினால் உதிரும், ஆனால் மடிப்பின் அடியில் இறங்கியது வெளியே வராது. வாளையார் பக்கம் லாரிகளுக்குப் பின்னால் ஓடும் வண்டிக்கும், நெல்லியாம்பதிக்கு அடிக்கடி ஏறி இறங்கும் வண்டியின் பிரேக்குக்கும் இதே கணக்குதான். சர்வீஸுக்கு விடும்போது "இப்படி ஓடுகிற வண்டி, கடின உபயோகத்துக்கான அட்டவணைப்படி பாருங்கள்" என்று ஜாப் கார்டில் (செய்யவேண்டிய வேலைகளைக் குறித்துத் தரும் தாள்) எழுதச் சொல்லுங்கள். சர்வீஸ் நாள் தள்ளிப்போவதைக் காரணம் காட்டித்தான் நிறைய வாரண்டி மறுக்கப்படுகிறது.

ஒவ்வொரு சர்வீஸ் முடிந்ததும் பில்லை மீட்டருக்குப் பக்கத்தில் பிடித்து, கி.மீ. தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். இதற்கென்று இருக்கும் ஆப்களைவிட இது எனக்குப் பிடித்த முறை. போன் மாற்றினாலும் போட்டோ கூடவே வந்துவிடும்.

படி 4: ஸ்பேர் பார்ட்ஸ், ஆயில்

கம்பெனி பெட்டியில் வருவது ஒன்று. அந்தக் கம்பெனிக்கே சப்ளை செய்பவர்கள் தங்கள் சொந்தப் பெயரில் விற்பது இன்னொன்று. மூன்றாவது, பெயரே இல்லாத லோக்கல் சரக்கு. இரண்டாவது வகையைக் கேவலமாக நினைக்காதீர்கள். பாஷ், டென்சோ, மாலே, பிரேக்ஸ் இந்தியா எல்லாம் கார் கம்பெனிகளுக்குச் சப்ளை செய்பவர்கள்தான். கோவையிலேயே பிரிகால் மீட்டர்களும் ரூட்ஸ் ஹார்ன்களும் தயாராகின்றன. ஆனால் வாரண்டி இருக்கும்வரை பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் சாமான்களைக் கம்பெனி பெட்டியிலேயே வாங்குங்கள் என்பதுதான் என் கருத்து. வாரண்டி முடிந்த பிறகு இரண்டாவது வகையைத் தாராளமாகப் போடலாம்.

பெட்டியில் பார்ட் நம்பர், தயாரித்தவர் முகவரி, தயாரித்த அல்லது பேக் செய்த மாதம், எம்.ஆர்.பி., புகார் சொல்லத் தொடர்பு விவரம் எல்லாம் இருக்க வேண்டும். பார்ட் நம்பரைத் தவிர மற்றவற்றை, பேக் செய்து விற்கும் பொருளுக்கு 2011-ம் ஆண்டின் சட்ட எடையளவு விதிகளே கேட்கின்றன. பழைய சாமானில் அச்சடித்திருக்கும் பார்ட் நம்பரும் புதிய பெட்டியில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கம்பெனி நம்பரைத் திருத்தியிருந்தால் கடைசி எழுத்துகள் மாறியிருக்கும், அதைக் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஆயில் விஷயத்தில் பிராண்டைவிட கிரேடுதான், அதாவது அதன் கெட்டித்தன்மையைச் சொல்லும் குறியீடுதான், முக்கியம். புத்தகம் 0டபிள்யூ-16 என்றால் அதுதான். ஷெட்டில் பேரலில் இருக்கும் 20டபிள்யூ-40-ஐ ஊற்ற விடாதீர்கள். ஊற்றிய கிரேடு பில்லில் எழுதியிருக்க வேண்டும். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்டைக் கலரைப் பார்த்து மற்றொன்றோடு கலக்காதீர்கள். டயர் காற்றழுத்தம் டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும், வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பார்க்கவேண்டிய அளவு அது.

படி 5: "வாரண்டி வராது" என்று சொன்னால்

பலரும் திரும்பி வந்துவிடுவது இந்த இடத்தில்தான். நான் போன சர்வீஸ் சென்டரில் அட்வைசர் பானெட்டைத் திறந்தவுடனே சொன்னார்: "வெளிய ஹார்ன் மாட்டியிருக்கீங்களே சார், வயரிங் போயாச்சு. இனி எதுக்குமே வாரண்டி வராது."

புத்தகத்தில் அப்படி எழுதவில்லை. அங்கீகாரம் இல்லாத பாகத்தையோ மாற்றத்தையோ செய்ததால் உண்டான சேதத்துக்கு வாரண்டி இல்லை என்பதுதான் விதி. அதாவது அந்த ஹார்னால் கெட்டது எதுவோ அதற்கு மட்டும் இல்லை. கூலிங் காயில் டேஷ்போர்டுக்கு உள்ளே இருக்கிறது, ஏ.சி. கேஸ் கசிவது அதன் அலுமினியக் குழாயில் துளை விழுவதால். ஹார்னுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. என் ஹார்ன், வண்டியின் வயரை வெட்டாமல் கப்ளரும் (செருகி இணைப்பது) ரிலேயும் (மின் சுவிட்ச்) வைத்துப் போட்டது, அதையும் காட்டினேன்.

"சரிங்க. காயில் ஓட்டையானதுக்கு ஹார்ன் எப்படிக் காரணம்னு ஜாப் கார்டுல எழுதிக் கொடுங்க. எந்த விதின்னு புத்தகத்துல காட்டி அந்த நம்பரையும் போடுங்க" என்று கேட்டேன். சத்தம் போடவில்லை. அட்வைசர் உள்ளே போய் மேனேஜரை அழைத்து வந்தார். போட்டோ எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினார்கள், அனுமதி வந்தது. எழுத்தில் கேளுங்கள். வாயால் மறுப்பது சுலபம், காரணத்தோடு கையெழுத்துப் போட்டு மறுப்பது அப்படி இல்லை.

காரணம் உண்மையாக இருக்கும் இடமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஹெட்லைட்டுக்கு 60/55 வாட் என்று மேனுவல் சொல்லும்போது 100/90 வாட் பல்பு போட்டு ஹோல்டர் உருகினால் கம்பெனி மறுப்பது நியாயம்தான். அகலமான அலாய் வீல் போட்டு வீல் பேரிங் போனாலும், வெளியில் கேஸ் கிட் மாட்டி வால்வு எரிந்தாலும் அப்படித்தான்.

இந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு பெரிய உத்தரவும் இருக்கிறது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகள் மீது தீர்ப்பளித்தபோது, வெளி மெக்கானிக்கிடம் போனதற்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யக் கூடாது, அந்த வேலையின் கோளாறால் வந்த சேதத்தின் அளவுக்குத்தான் மறுக்கலாம் என்றது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. அதனால் கவுண்டரில் இதை முதல் ஆயுதமாக எடுக்காதீர்கள். உங்கள் புத்தகத்தின் வரியே போதும்.

அப்படியும் நடக்காவிட்டால் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு இ-மெயில், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கடைசியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கோவையில் வாங்கிய வண்டிக்குப் பாலக்காட்டில் போட முடியும் என்பது நமக்குப் பெரிய வசதி. பிரச்சினை எழுந்த 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுச் சிலர் கேட்டவை. பணம் கட்டி நீட்டிக்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுக்கலாமா? பெரும்பாலும் முதல் வாரண்டி முடிவதற்குள் எடுத்தாக வேண்டும், அதில் சேரும் சாமான்களின் பட்டியல் முதல் வாரண்டியைவிடச் சிறியதாக இருக்கலாம். பணம் கட்டும் முன் அந்தப் பட்டியலைத் தனியாக வாங்கிப் படியுங்கள். கம்பெனியே தருவதை மட்டும் எடுங்கள், டீலர் வேறு யாரோடோ சேர்ந்து விற்பதை எனக்குப் பிடிக்காது.

வாரண்டி முடிந்து கொஞ்ச நாளில் போனால்? குட்வில் என்று கேட்டுப் பாருங்கள். எல்லா சர்வீஸும் அங்கேயே செய்த வண்டிக்குச் சில சமயம் சாமான் விலையில் ஒரு பங்கைக் கம்பெனி ஏற்கும்.

பழைய கார் வாங்கியவர்களுக்கு: கம்பெனி வாரண்டி மீதி இருந்தால் பொதுவாக வண்டியோடு வரும். எக்ஸ்டெண்டட் வாரண்டிக்குப் பெயர் மாற்றம் கேட்பார்கள். தமிழ்நாட்டு வண்டியை என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கிக் கேரளாவுக்கு மாற்றினால் நம்பர் மாறும், சேஸிஸ் நம்பர் மாறாது. புதிய ஆர்.சி. கைக்கு வந்ததும் அதன் நகலோடு ஒருமுறை சர்வீஸ் சென்டருக்குப் போய் அவர்கள் கம்ப்யூட்டரில் பெயரையும் நம்பரையும் மாற்றச் சொல்லுங்கள்.