"பார்த்தா தெரியலையே": ஆட்டிசத்தை முகத்தில் தேடுவது முதல் கையைக் கட்டச் சொல்வது வரை, தவிர்க்க வேண்டிய தவறுகள்

முகூர்த்த நாளில் திருவந்திபுரம் கோயில் எப்படி இருக்கும் என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலைமேல் அடுத்தடுத்துத் தாலி கட்டுவார்கள். ஒரு கெட்டிமேளம் அடங்குவதற்குள் பக்கத்தில் இன்னொன்று கிளம்பும். அப்படி ஒரு கல்யாணத்தில் என் அக்கா மகன், அப்போது பதினொரு வயது, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடியபடி நின்றான். "பையனுக்கு என்னம்மா?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். "ஆட்டிசம் பெரியம்மா, சத்தம் ஆகாது" என்றாள் அக்கா. பெரியம்மா அவன் முகவாயைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார். "முகத்தைப் பார்த்தா அப்படி ஒண்ணும் தெரியலையே. ராஜா மாதிரி இருக்கான்!"

அன்பாகத்தான் சொன்னார். ஆனால் இந்தத் "தெரியலையே" எங்கள் வீட்டில் இரண்டு வருடத்தைத் தின்ற சொல். இரண்டரை வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் திரும்ப மாட்டான். முதலில் காட்டிய மருத்துவர் ஒரு நிமிடம் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல களையாத்தானே இருக்கான், ஆம்பளைப் பிள்ளைக்குப் பேச்சு லேட்டாத்தான் வரும்" என்று அனுப்பிவிட்டார். நாங்களும் நம்பினோம். நாலரை வயதில்தான் ஆட்டிசம், அதாவது பிறரோடு பழகுவதையும் தொடர்புகொள்வதையும் பாதிக்கும் மூளை வளர்ச்சி வேறுபாடு, என்று உறுதியானது.

ஆகவே முதல் தவறு, முகத்தில் தேடுவது. இது ஏன் வருகிறது என்றால், நமக்கெல்லாம் டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளைப் பார்த்த பழக்கம் இருக்கிறது. அவர்களுக்கு 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கும். இது 1959லேயே தெரிந்துவிட்டது. கருவில் முகம் உருவாகும் கட்டத்திலேயே அந்தக் கூடுதல் குரோமோசோம் வேலை செய்வதால் கண்ணின் சாய்விலும் மூக்குத்தண்டிலும் ஒரு பொதுச் சாயல் வருகிறது. ஆட்டிசத்துக்கு அப்படி ஒற்றைக் காரணம் கிடையாது. தொடர்புள்ள மரபணுக்களே நூற்றுக்கு மேல் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. அவை ஒவ்வொருவரிடமும் வெவ்வேறு விதமாகச் சேர்கின்றன. ஆட்டிசம் உள்ள பிள்ளை தன் அப்பா அம்மா சாயலில்தான் இருக்கும். என் அக்கா மகன் எங்கள் தாத்தாவை உரித்து வைத்திருக்கிறான்.

இதன் மறுபக்கமும் தவறுதான். "இந்தப் பிள்ளைங்க எல்லாம் ரொம்ப அழகா இருக்கும்", "வயசே தெரியாது", "தலை பெரிசா இருக்கும்" என்றெல்லாம் சொல்வார்கள். ஓரளவுக்கு இதன் வேர் பழையது. 1943இல் லியோ கேனர் என்ற மனநல மருத்துவர் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி முதன்முதலில் எழுதியபோதே, அறிவுக்களை உள்ள முகங்கள் என்றும், ஐந்து பேருக்குத் தலை சற்றுப் பெரிது என்றும் குறித்திருந்தார். பிறகு வந்த ஆய்வுகளிலும் ஒரு சிறு பகுதியினருக்குச் சின்ன வயதில் தலைச் சுற்றளவு கூடுதலாக இருப்பது தெரிந்தது. பெரும்பாலோருக்கு இல்லை. 2011இல் மிசௌரி பல்கலைக்கழகத்தார் 8 முதல் 12 வயதுச் சிறுவர்களின் முகங்களை முப்பரிமாணக் கேமராவில் அளந்து, சராசரியில் நுட்பமான வேறுபாடுகள் இருப்பதாகச் சொன்னார்கள். அவை ஒரு கூட்டத்தின் சராசரிக்கும் இன்னொரு கூட்டத்தின் சராசரிக்கும் இடையே உள்ளவை. ஒரு பிள்ளையை எதிரில் நிறுத்தி முடிவு சொல்ல அவை உதவாது. போட்டோவை ஏற்றினால் ஆட்டிசம் இருக்கிறதா என்று சொல்லும் ஆப் என்று யாராவது அனுப்பினால், தயவுசெய்து அதை நம்பி நிம்மதியும் அடையாதீர்கள், அழவும் அழாதீர்கள்.

ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஃப்ராஜைல் எக்ஸ் என்று ஒரு மரபணுக் குறைபாடு உண்டு. அதில் முகம் நீண்டும் காது பெரிதாகவும் இருக்கலாம், பலருக்கு ஆட்டிசமும் சேர்ந்தே இருக்கும். அந்த முகச்சாயலுக்கு ஃப்ராஜைல் எக்ஸ்தான் காரணம், ஆட்டிசம் அல்ல. மருத்துவர் அதற்காக ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால் "எதுக்கு வீண் செலவு" என்று தள்ளிவிடாதீர்கள். அடுத்த பிள்ளைக்கும் வருமா என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்கலாம்.

முகம் கொடுத்துப் பேசுவது

நம் மொழியில் "முகம் கொடுத்துப் பேசவில்லை" என்றால் அது ஒரு குற்றச்சாட்டு. அதனால் கண்ணைப் பார்க்காத பிள்ளையை நாம் சட்டென்று கவனித்துவிடுகிறோம், அதையே பரீட்சையாகவும் ஆக்கிவிடுகிறோம். "என்னை நல்லாப் பாக்குறானே, அப்ப ஆட்டிசம் இருக்காது" என்பது நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம். ஆட்டிசம் உள்ள எத்தனையோ பிள்ளைகள் அம்மா கண்ணை ஆசையாகப் பார்ப்பார்கள். வெளியாளிடம்தான் பார்வை நழுவும். சிலர் உற்று, கொஞ்சம் அதிகமாகவே பார்ப்பார்கள். கூச்சத்தாலோ பயத்தாலோ கண்ணைப் பார்க்காத பிள்ளைகளும் ஏராளம்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல். பெரியவர்கள் முன் தலைகுனிந்து நிற்பதை நாமே மரியாதை என்று கற்றுக்கொடுக்கிறோம். ஒரு பெண் குழந்தை யாரோடும் சேராமல், கண்ணைப் பார்க்காமல், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் "எவ்வளவு அடக்கமான பொண்ணு!" என்று மெச்சுகிறோம். அந்த மெச்சுதலுக்கு அடியில் எத்தனை பேர் கவனிக்கப்படாமல் போயிருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

புதுச்சேரியில் எனக்குத் தெரிந்த ஒரு பெண், மகனுக்கு ஆட்டிசம் என்று உறுதியான பிறகுதான் தனக்கும் இருப்பதைத் தெரிந்துகொண்டார். முப்பத்தெட்டு வயது. கடையிலும் ஆபீஸிலும் யாரும் சந்தேகப்பட்டதில்லை. எப்படி என்று கேட்டேன். "கண்ணைப் பாக்க மாட்டேன், புருவத்துக்கு நடுவுல பொட்டு வைக்கிற இடத்தைப் பாப்பேன். மனசுக்குள்ள மூணு எண்ணுவேன், அப்புறம் வேற பக்கம். சிரிக்கிற நேரத்தை மத்தவங்களைப் பாத்துக் கத்துக்கிட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா ஒரு மணி நேரம் லைட்டை அணைச்சிட்டுப் படுத்தாத்தான் முடியும்." இப்படி மறைத்து வாழ்பவர்களிடம் போய் "உங்களைப் பார்த்தா தெரியலையே" என்று பாராட்டாகச் சொல்லாதீர்கள். தெரியாமல் இருப்பதற்கு அவர்கள் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பது அந்த இருட்டு அறைக்குத்தான் தெரியும்.

"கையைச் சும்மா வை"

உடலசைவுக்கு வருவோம். கையை உதறுவது, நுனிக்காலில் நடப்பது, ஆடுவது, விரலைக் கண் முன்னே ஆட்டிப் பார்ப்பது: இவை ஆட்டிசம் உள்ளவர்களிடம் அதிகம் காணப்படுகின்றன என்பது உண்மை. ஆனால் இவை கையெழுத்து மாதிரி அல்ல. நடை பழகும் குழந்தைகள் பலர் நுனிக்காலில் நடப்பார்கள், சந்தோஷத்தில் கையை உதறுவார்கள். மூன்று வயதுக்கு மேலும் நுனிக்கால் நடை தொடர்ந்தால் காட்ட வேண்டியதுதான், அப்போதும் காரணம் தசையிலோ நரம்பிலோ இருக்கலாம். எதிர்ப்பக்கத்தில், கையை ஒருமுறைகூட உதறாத ஆட்டிசப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் வரையறையில் பிறரோடு பழகுவதிலும் தொடர்புகொள்வதிலும் உள்ள சிரமம் கட்டாயம். அசைவுகள், மாற்றமே பிடிக்காத பிடிவாதம், ஒரே விஷயத்தில் ஆழ்ந்த நாட்டம், சத்தம் தொடுதல் போன்றவற்றில் மிகை அல்லது குறை உணர்வு என்ற நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். அசைவு அந்த நான்கில் ஒன்று, அவ்வளவே.

இதைவிடப் பெரிய தவறு அந்த அசைவை அடக்குவது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் போகும்போது என் அக்கா மகன் கையில் ஒரு பச்சை ரிப்பன் இருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்து, வெயில் படும்படி அதைக் கண்ணருகே சுழற்றுவான். ஒருமுறை முன் சீட்டுக்காரர் திரும்பி, "தம்பி, கையைச் சும்மா வை" என்று அதட்டி ரிப்பனைப் பிடித்து இறக்கினார். அதுவரை அமைதியாக வந்தவன் கன்னியக்கோயில் தாண்டும்வரை தலையை ஜன்னல் கம்பியில் மோதிக்கொண்டே வந்தான். பஸ்ஸின் இரைச்சலையும் ஹாரனையும் தாங்க அவனுக்கு இருந்த ஒரே பிடி அந்த ரிப்பன். அலை வரும்போது தேவனாம்பட்டினம் கடற்கரையில் அதே கைகளைத்தான் ஆனந்தமாக உதறுவான். பயத்துக்கும் சந்தோஷத்துக்கும் அவனுக்குக் கைதான் பேச்சு. தன்னையோ பிறரையோ காயப்படுத்தாதவரை விட்டுவிடலாம். காயப்படுத்தினால் காரணத்தைத் தேட வேண்டும். வாய் பேசாத பிள்ளை திடீரென்று தலையில் அடித்துக்கொண்டால் முதலில் பல்லையும் காதையும் பாருங்கள், வலியாக இருக்கலாம்.

அப்படியானால் பார்த்ததும் எதுவுமே தெரியாதா? ஏதோ வித்தியாசம் என்று பலருக்குத் தோன்றத்தான் செய்கிறது. 2017இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்களின் சில விநாடிக் காட்சிகளைப் பார்த்தவர்கள் "இவரோடு பழக விருப்பமில்லை" என்று அதிகம் சொன்னார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் பேசியதை எழுத்தில் மட்டும் படிக்கக் கொடுத்தபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. பேசிய விஷயத்தில் குறை இல்லை, குரலையும் அசைவையும் பார்த்து நாம் போட்ட கணக்கில்தான் பிழை. முகத்தில் உணர்ச்சி காட்டாவிட்டால் பாசமில்லை என்றும், பதிலுக்கு நேரம் எடுத்தால் திமிர் என்றும், கண்ணைத் தவிர்த்தால் பொய் சொல்கிறான் என்றும் படித்துவிடுகிறோம். பையன் வளர்ந்து மீசை முளைத்ததும் இது ஆபத்தாகவே மாறுகிறது. கடைவீதியில் தனியாக ஆடியபடி நிற்கும் இளைஞனைக் குடித்திருக்கிறான் என்று முடிவு கட்ட ஒரு நிமிடம் போதும்.

சரி, எதைத்தான் பார்ப்பது? ஒரு வயதாகியும் பெயருக்குத் திரும்பாதது. ஒன்றரை வயதில் நிலாவையோ நாயையோ விரல் நீட்டி "அதோ பார்" என்று காட்டாதது. இரண்டு வயதில் தானாக இரண்டு சொல் சேர்த்துப் பேசாதது. எந்த வயதிலும் வந்த பேச்சு நின்றுபோவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம், முதலில் காது கேட்கிறதா என்று சோதித்துவிடுங்கள். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு எம்-சாட் என்ற 20 கேள்விப் பட்டியல் உண்டு. அது சந்தேகத்தைத்தான் சொல்லும், முடிவைச் சொல்லாது. கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ கோரிமேடு ஜிப்மரிலோ குழந்தைகள் நலப் பிரிவில் கேட்டுத் தொடங்கலாம். போகும்போது போட்டோ வேண்டாம். வீட்டில் பிள்ளை விளையாடுவதை, சாப்பிடுவதை, கூப்பிட்டால் என்ன செய்கிறது என்பதைச் செல்போனில் இரண்டு மூன்று நாள் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். ஆஸ்பத்திரி மேசை முன்னால் பத்து நிமிடத்தில் தெரியாதது அதில் தெரியும்.

சான்றிதழ் வாங்கும்போதும் இதே கேள்வி வரும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. இசா என்ற இந்திய மதிப்பீட்டு அளவுகோலில் 40 கூறுகளுக்கு மதிப்பெண் போட்டுத்தான் சதவீதம் குறிப்பார்கள். வரிசையில் நிற்கும் யாராவது "நல்லாத்தானே இருக்கான், எதுக்கு சர்டிபிகேட்" என்றால் அக்கா இப்போது விளக்கம் சொல்வதில்லை, டோக்கன் நம்பரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அடுத்த வருடம் அதே திருவந்திபுரத்தில் இன்னொரு கல்யாணம். இந்த முறை காதுக்குப் பெரிய ஹெட்போன் போட்டு அழைத்துப் போனோம். தாலி கட்டும் நேரத்தில் படிக்கட்டுப் பக்கம் ரிப்பனோடு உட்கார்ந்திருந்தான். பெரியம்மா நேரே வந்தார். முகவாயைத் தொடவில்லை. அக்காவிடம், "பந்தியில முதல் வரிசையில உக்கார வெச்சிடவா? கூட்டம் வர்றதுக்குள்ள சாப்பிட்டுருவான்" என்றார். வெறும் சோறும் நாலு அப்பளமும் சாப்பிட்டான்.