பிளெண்டரில் கொடி பறக்க வைப்போம்: துணிக்குக் காற்று தரும் முறை

முப்பரிமாண அசைவூட்ட மென்பொருளான பிளெண்டரில் காற்றைச் சேர்ப்பது ஒரு நொடி வேலை. அந்தக் காற்றுக்குத் துணியை அசைய வைப்பதில்தான் புதியவர்கள் திணறுகிறார்கள். ஒரு கொடியைச் செய்து பார்ப்போம்.

1. துணி

ஒரு பிளேனை (தட்டையான சதுரப் பரப்பு) சேர்த்து, எக்ஸ் அச்சில் 90 பாகை திருப்பி நிறுத்துங்கள். எடிட் மோடில் சப்டிவைடு (பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரிப்பது) கொடுத்து, வெட்டுகளின் எண்ணிக்கையை 40 ஆக்குங்கள். இடது ஓரப் புள்ளிகளை மட்டும் தேர்ந்தெடுத்து ஒரு வெர்டெக்ஸ் குரூப்பில் (புள்ளிகளின் தொகுப்பு) சேருங்கள். பிறகு ஃபிசிக்ஸ் பகுதியில் கிளாத்தை (துணி) இயக்கி, ஷேப் என்பதன் கீழ் பின் குரூப்பாக (நகராமல் நிற்க வேண்டிய புள்ளிகள்) அதையே கொடுங்கள். இந்த ஓரம்தான் கம்பத்தில் கட்டிய பக்கம்.

2. காற்று

ஆட் மெனுவில் ஃபோர்ஸ் ஃபீல்ட் (விசைப் புலம்), அதில் விண்ட் (காற்று). காற்று அந்தப் பொருளின் சொந்த இசட் அச்சுத் திசையில் வீசும். ஆகவே, ஒய் அச்சில் 90 பாகை திருப்பினால் கொடியின் நீளவாக்கில் வீசும். ஸ்ட்ரெங்த் (காற்றின் வலிமை) 1 என்றிருக்கும். அது போதவே போதாது. 200 இல் தொடங்குங்கள்.

3. துணி அசையவில்லையா?

பெரும்பாலும் இரண்டு காரணங்கள். முதலாவது, கோணம். விண்ட் புலம் துணியின் பரப்பில் மோதித்தான் தள்ளுகிறது. பரப்புக்குச் சரியாக இணையாக வீசினால் தள்ளுவதற்கு எதுவும் கிடைக்காமல் வழுக்கிப் போகும். விண்டைக் காட்சியின் இசட் அச்சில் (அதன் சொந்த இசட் அச்சில் அன்று) 15 அல்லது 20 பாகை திருப்பிவிடுங்கள்.

இரண்டாவது, எடை. கிளாத்தில் உள்ள வெர்டெக்ஸ் மாஸ் முழுத் துணியின் எடையன்று, ஒவ்வொரு புள்ளியின் எடை. நம் கொடியில் 42 × 42, அதாவது 1764 புள்ளிகள். இயல்பு மதிப்பான 0.3 கிலோவால் பெருக்கினால் 500 கிலோவைத் தாண்டுகிறது! மடிப்புகள் நன்றாக வர வேண்டுமென்று மேலும் சப்டிவைடு செய்யச் செய்ய எடையும் ஏறும். ஸ்ட்ரெங்தைக் கண்டபடி ஏற்றுவதைவிட மாஸை 0.05 அளவுக்கு இறக்குவதே என் பரிந்துரை.

4. சீரற்ற அசைவு

விண்ட் மட்டும் இருந்தால் கொடி ஒரே பக்கமாக விறைத்து நிற்கும். டர்புலன்ஸ் (கொந்தளிப்பு) என்ற புலத்தையும் சேருங்கள். அதன் ஸ்ட்ரெங்தைக் குறைவாக வைத்துப் படிப்படியாகக் கூட்டுங்கள். சைஸ் மதிப்பு சுழல்களின் அளவை மாற்றும். காற்று விட்டுவிட்டு வீச வேண்டுமானால், விண்டின் ஸ்ட்ரெங்த் பெட்டியின் மேல் சுட்டியை வைத்து ஐ பொத்தானை அழுத்தி, வெவ்வேறு ஃபிரேம்களில் வெவ்வேறு மதிப்புகளைப் பதியுங்கள்.

5. ஓட்டிப் பார்த்தல்

எதை மாற்றினாலும் 1 ஆம் ஃபிரேமுக்குத் திரும்பி ஓட்டுங்கள்; நடுவிலிருந்து ஓட்டினால் கணக்கீடு பிசகும். துணி தன்னையே ஊடுருவினால் செல்ஃப் கொலிஷனை இயக்குங்கள், கணக்கீட்டு வேகம் குறையும். திருப்தி வந்ததும் கேஷ் பகுதியில் பேக் செய்யுங்கள், அதாவது கணக்கிட்ட அசைவைச் சேமியுங்கள்.

அதே காட்சியில் காற்றுப் படக்கூடாத வேறொரு துணி இருந்தால், அந்தத் துணியின் ஃபீல்ட் வெயிட்ஸில் விண்ட், டர்புலன்ஸ் இரண்டையும் 0 ஆக்கிவிடுங்கள். கிராவிட்டியை (ஈர்ப்பு) தொடாதீர்கள்.